நண்பருக்கு ஒரு கடிதம்: அதிகாரம் கைமாறும் விதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் நீண்ட கடிதம் கிடைத்தது. மகள் சிங்கப்பூரில் கப்பல் சரக்கு ஒப்பந்தங்களைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்துவிட்டார் என்பதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கும் நலமே. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து மீண்டும் பொடி எழுத்துகளைப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஆகவே, அமெரிக்காவின் காலம் முடிந்துவிட்டது, நான்தான் இன்னும் ஒப்புக்கொள்ள மறுக்கிறேன் என்று கடித ஓரத்தில் நீங்கள் நெருக்கி எழுதியிருந்த சீண்டலும் கண்ணில் பட்டுவிட்டது.

நீங்கள் எடுத்துக்காட்டிய புள்ளிவிவரங்களில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. 2001 டிசம்பரில் உலக வணிக அமைப்பில் சேர்ந்த சீனா, 2010இல் ஜப்பானைப் பின்தள்ளி உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரமாயிற்று. வாங்கும் திறன் அடிப்படையில், அதாவது நாட்டுக்கு நாடு மாறும் விலைவாசியைச் சரிக்கட்டிக் கணக்கிட்டால், கடந்த பத்தாண்டின் நடுவிலேயே அமெரிக்காவையும் கடந்துவிட்டது. ஆனால் எங்கே அதிகம் உற்பத்தியாகிறதோ அங்கேதான் அதிகாரமும் இருக்கிறது என்று நீங்கள் ஒரே எட்டில் முடிவுக்கு வந்துவிடுகிறீர்கள். அந்த இடைவெளியைக் கடக்கச் சில வேளைகளில் இரண்டு தலைமுறைகள் ஆகின்றன.

பிரிட்டனையே பாருங்கள். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அமெரிக்கத் தொழிற்சாலைகள் அதை முந்திவிட்டன. ஆயினும் டாலர் எவ்வித ஐயமுமின்றி உலக நாணயங்களின் தலைமையில் அமர்ந்தது 1944இல் உலக நாணய ஒழுங்கை வகுக்க அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் 44 நாடுகளின் பேராளர்கள் கூடிய பின்னர்தான். அதற்குப் பின்னும் பிரிட்டன் தன்னைப் பேரரசாகவே எண்ணிக்கொண்டிருந்தது. 1956இல் எகிப்து நாட்டுடைமையாக்கிய சூயஸ் கால்வாயை மீட்பதற்காகப் பிரான்சுடனும் இஸ்ரேலுடனும் சேர்ந்து படையெடுத்தபோது, அதைத் தடுத்து நிறுத்தியது எதிரிப் படையன்று. பவுண்டின் மதிப்பைக் காக்கப் பன்னாட்டு நிதியத்தின் கடன் தேவைப்பட்டது. படைகள் வெளியேறும்வரை அதற்கு ஆதரவு தர முடியாது என்று கையை விரித்தவர், நேச நாடான அமெரிக்காவின் அதிபர் ஐசன்ஹோவர். உண்மையில் எப்போதோ கைமாறிவிட்ட ஒன்று, எல்லோர் கண்ணிலும் படும்படி வெளிப்பட்ட நாள் அது.

ஆனால் பிரிட்டனின் கதை அத்துடன் முடியவில்லை என்பதுதான் என்னை அதிகம் ஈர்க்கிறது. உங்கள் மகளைக் கேட்டுப் பாருங்கள். பிரிட்டனோடு எந்தத் தொடர்பும் இல்லாத இரு நாட்டு நிறுவனங்கள் மூன்றாம் நாட்டுக் கப்பலை வாடகைக்கு அமர்த்தும்போதுகூட, தகராறு வந்தால் ஆங்கிலேயச் சட்டப்படி இலண்டனில் நடுவர் தீர்ப்புக்குச் செல்வது என்று எழுதிக்கொள்வது இன்றும் பரவலான வழக்கம். அந்த வழக்கம் அப்படியே நிற்க, உடைமை மட்டும் மெல்ல நகர்ந்துவிட்டது. இலண்டன் உலோகச் சந்தையை 2012இல் ஹாங்காங் பங்குச் சந்தை நிறுவனம் வாங்கியது. கப்பல் வாடகைக் குறியீடுகளை வெளியிடும் பழம்பெரும் பால்டிக் எக்ஸ்சேஞ்சை 2016இல் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை வாங்கியது. வாங்கியவர்கள் பெயரை மாற்றவில்லை, இலண்டனை விட்டு வேறு நகரத்துக்குக் கொண்டுபோகவும் இல்லை. அந்தப் பெயரின் மீதுள்ள நம்பிக்கைக்குத்தானே அவர்கள் விலை கொடுத்தார்கள்! மொழியிலும் இதே நிலைதான். 2020இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின், ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட நாடுகளென அங்கே எஞ்சியவை அயர்லாந்தும் மால்டாவும் மட்டுமே. இருந்தும் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரசெல்ஸ் அலுவலகங்களின் அன்றாடப் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது.

இதனால் பண்பாடு தானாகவே பரவிவிடுகிறது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அதற்கும் பேரம் நடந்திருக்கிறது. போரில் நொடிந்துபோயிருந்த பிரான்சு, 1946 மே மாதம் வாஷிங்டனில் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. பிரான்சின் சார்பில் முன்னாள் பிரதமர் லெயோன் புளூமும் அமெரிக்காவின் சார்பில் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பைர்ன்ஸும் ஒப்பமிட்டார்கள். போர்க்காலக் கடனில் பெரும்பகுதி தள்ளுபடியாயிற்று, புதுக் கடனும் கிடைத்தது. அவற்றோடு சேர்ந்து வந்த ஒரு நிபந்தனையின்படி, பிரெஞ்சுத் திரையரங்குகளில் மூன்று மாதத்துக்கு நான்கு வாரங்கள் மட்டுமே உள்நாட்டுப் படங்களுக்கு ஒதுக்கப்பட்டன, மற்ற வாரங்கள் போட்டிக்குத் திறந்துவிடப்பட்டன. கொதித்தெழுந்த பிரெஞ்சுத் திரைக் கலைஞர்கள் 1948இல் பாரிஸ் வீதிகளில் ஊர்வலம் போன பிறகு நான்கு வாரம் ஐந்து வாரமாயிற்று. கடன் பத்திரத்தோடு சேர்ந்து திரைப்படச் சுருளும் கப்பலேறிய அந்த நிகழ்வைப் பொருளாதார நூல்கள் அடிக்குறிப்பாகவும் திரைப்பட வரலாறுகள் தனி அத்தியாயமாகவும் எழுதுகின்றன. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்கள் குறைவு என்பது என் நெடுநாள் குறை.

ஆயினும் பணத்தைக் கொண்டு கதவைத் திறக்கலாமே தவிர, உள்ளே இருப்பவர்களை விரும்ப வைக்க முடியாது. சீன அரசு 2004 முதல் உலகெங்கும் சீன மொழியும் பண்பாடும் கற்பிக்கும் கன்பூசியஸ் நிறுவனங்களைத் திறந்தது. அரசின் கை தெரிகிறது என்ற ஐயத்தால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அவற்றுள் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. அவற்றில் முதலாவது திறக்கப்பட்ட நகரம் சியோல். அந்தத் தென்கொரியாவோ, 1997 நெருக்கடியில் பன்னாட்டு நிதியத்திடம் கையேந்தி நின்ற நாடு. வல்லரசு என்று எவரும் அதைச் சொல்வதில்லை. ஆனாலும் அதன் பாட்டுக்கும் தொடர்களுக்கும் கண்டங்கள் தோறும் இளைஞர்கள் காத்துக் கிடக்கிறார்கள். அங்கும் அரசின் ஊக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் தம் சமூகத்தின் அழுக்கையும் ஏற்றத்தாழ்வையும் திரையில் காட்ட அவர்கள் அஞ்சவில்லை. வேறுபாட்டின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இப்போது நீங்கள் மிகவும் அழுத்திச் சொன்ன டாலருக்கு வருகிறேன். மத்திய வங்கிகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடாக இருந்த டாலரின் பங்கு, 2024இல் 58 விழுக்காட்டுக்கு அருகில் வந்துவிட்டது. ஆனால் குறைந்த பங்கு சீன நாணயமான யுவானுக்குப் போய்ச் சேரவில்லை. யுவானின் பங்கு இன்னும் 2 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. பணம் நாட்டை விட்டுத் தடையின்றி வெளியேறுவதைப் பெய்ஜிங் அனுமதிப்பதில்லை. நினைத்தபோது எடுக்க முடியாத இடத்தில் எவர் சேமிப்பை வைப்பார்? 2022இல் உக்ரைன் மீது படையெடுத்த ரஷ்யாவின் கையிருப்பில் சுமார் 300 பில்லியன் டாலரை மேற்கு நாடுகள் முடக்கியதும் பல மத்திய வங்கிகள் திகைத்தன உண்மைதான். ஆனால் அவை ஓடிச் சேர்ந்த இடம் இன்னொரு நாட்டின் நாணயமன்று, தங்கம். 2022 முதல் 2024 வரை மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் வாங்கிக் குவித்தன.

ஆகவே உங்களோடு நான் உடன்படும் இடமும் இருக்கிறது. அமெரிக்கா தன் மேல் பிறர் வைத்த நம்பிக்கையை வேகமாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறது; 2025 ஏப்ரலில் நண்பர் பகைவர் என்று பாராமல் அறிவித்த சுங்க வரிகள் அந்தச் செலவை இன்னும் கூட்டின. பன்னாட்டு நிதியத்தில் 16 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளை வைத்துக்கொண்டு, 85 விழுக்காடு தேவைப்படும் முக்கியத் தீர்மானங்களைத் தனியொரு நாடாகத் தடுக்கும் வலிமை அதற்கு இன்னும் இருக்கிறது. ஆனால் தடுக்கும் வலிமை வேறு, பிறரை இசைய வைக்கும் வலிமை வேறு. 1944இல் பிரிட்டனுக்குப் பின்னால் பொறுப்பேற்க ஒருவர் ஆயத்தமாக நின்றார். இன்று அப்படி எவரும் இல்லை. இது அதிகாரம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் காலம் என்பதைவிட, எவரிடமும் முழுதாகத் தங்காத காலம் என்பதே பொருந்தும்.

இதை நீங்கள் மறுப்பதாயின், ஜப்பானைப் பற்றி எனக்கு விளக்கி எழுத வேண்டும். 1960களின் இறுதி முதல் 2010 வரை உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரமாக இருந்த நாடு, தன் பொம்மைப் படங்களையும் மின்னணுப் பொருள்களையும் உலகெங்கும் கொண்டு சேர்த்த நாடு, ஏன் ஒரு நாளும் உலக அரசியலின் விதிகளை எழுதவில்லை? பாதுகாப்புக்கு அமெரிக்காவை நம்பியிருந்ததால் என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். மேற்கு ஜெர்மனியும் அப்படித்தான் நம்பியிருந்தது, ஆயினும் அது ஐரோப்பாவுக்குள் தன் சொல்லை நிலைநாட்டிக்கொண்டது.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்