விருது இல்லேன்னு அப்ளிகேஷனே போடாம விட்டுடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காலேஜ்ல மெடல் வாங்கின பசங்க போட்டோ நம்ம பேப்பர்ல வர்றது சந்தோஷம்தான். ஆனா அதை பாத்துட்டு "என்கிட்ட ஒரு விருதும் இல்ல, எனக்கு யாரு பிஎச்டி சீட் குடுப்பா"ன்னு நல்லா வேலை செய்யுற புள்ளைங்களே பின்வாங்குறாங்க, அது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. நான் இயற்பியல் சொல்லிக்குடுக்குறவன், வருஷா வருஷம் ரெகமெண்டேஷன் லெட்டர் எழுதுறவன், அதனால சொல்றேன்.

சயின்ஸ் பிஎச்டி அட்மிஷன்ல முதல்ல பாக்குறது இந்தப் புள்ள ஆராய்ச்சி பண்ணுமாங்குறதைத்தான். டீன்ஸ் லிஸ்ட், கோல்டு மெடல் எல்லாம் பெரும்பாலும் மார்க்கை இன்னொரு தடவை சொல்றதுதான், அது ட்ரான்ஸ்கிரிப்ட்லயே, அதாவது மார்க் ஷீட்லயே, இருக்கு. "சிறந்த மாணவர் விருது"ன்னு சி.வி.ல (பயோடேட்டாவுல) ஒரு வரி மொட்டையா நின்னா அது 10 பேர்ல ஒருத்தருக்கா, 1000 பேர்ல ஒருத்தருக்கா, எதுக்கு குடுத்தாங்கன்னு படிக்கிறவங்களுக்கு எப்படி தெரியும்? பக்கத்துலயே அதை எழுதிடணும். அதே சமயம் லெட்டர்ல ஒரு ப்ரொபசர் "டிடெக்டர்ல வந்த நாய்ஸ் எங்கேருந்து வருதுன்னு எங்க யாருக்கும் புரியல, இந்தப் பொண்ணுதான் கேபிள் கேபிளா கழட்டி மாட்டி, கிரவுண்டிங்ல தப்புன்னு கண்டுபிடிச்சா"ன்னு எழுதினா, அந்த ஒரு வரிக்கு நாலு மெடல் ஈடாகாது.

அதுக்காக விருதே வேஸ்ட்னு சொல்லல. அமெரிக்காவுல கோல்ட்வாட்டர் ஸ்காலர்ஷிப்னு ஒண்ணு, 1986ல அவங்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு ஆரம்பிச்சது, சயின்ஸ், கணக்கு, இன்ஜினியரிங்ல ஆராய்ச்சிக்கு போற இளங்கலை மாணவர்களுக்கு. அது வாங்கினவங்க பேருக்கு மதிப்பு உண்டு. ஆனா எனக்கு அதுல பெருசா தெரியுறது வேற. அதுக்கு அப்ளை பண்ணவே ஆராய்ச்சி பத்தி கட்டுரை எழுதணும், தெரிஞ்ச ப்ரொபசர்கள்கிட்ட லெட்டர் வாங்கணும், அதாவது பிஎச்டி அப்ளிகேஷனுக்கு வேண்டிய பாதி வேலை முன்னாடியே முடிஞ்சுடுது, தோத்தவங்களுக்கும் இது லாபம்தான். ஒரு குறை, காலேஜ்தான் பேரை அனுப்பணும், நேரா போட முடியாது. உங்க காலேஜ்ல அதை பாத்துக்க ஆளே இல்லேன்னா எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் கதவு மூடிக்கும். அந்த நாட்டு குடியுரிமையோ நிரந்தர குடியிருப்போ இல்லாதவங்களுக்கும் கிடையாது. விருது லிஸ்ட் நீளமா இருக்குறதுல திறமை எவ்வளவு, வாய்ப்பு எவ்வளவுன்னு பிரிச்சு பாக்கவேண்டிய கடமை அட்மிஷன் கமிட்டிக்கு இருக்கு.

இன்னொரு குழப்பம் தேதி பத்தி. என்எஸ்எஃப்னு அமெரிக்க அரசோட அறிவியல் நிதி அமைப்பு குடுக்குற கிராஜுவேட் ஃபெலோஷிப் 3 வருஷத்துக்கு, வருஷம் 37,000 டாலர், சம்பளத்தை மாணவரே கையோட கொண்டு வர்ற மாதிரி, அதனால டிபார்ட்மெண்டுக்கு பிடிக்காம இருக்குமா? ஆனா அங்க பிஎச்டி அப்ளிகேஷன் கடைசி தேதி பெரும்பாலும் டிசம்பர், சீட் முடிவு பிப்ரவரி மார்ச்ல வந்துடும், ஃபெலோஷிப் ரிசல்ட் வழக்கமா ஏப்ரல்லதான். கடைசி வருஷத்துல போட்டவங்களுக்கு முதல் ரவுண்ட்ல அது உதவவே உதவாது. வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கறவங்க மட்டும் ரிசல்ட் வந்த அன்னிக்கே டிபார்ட்மெண்டுக்கு மெயில் போடணும், ஏன்னா ஆஃபருக்கு பதில் சொல்ற கடைசி நாள் நிறைய இடத்துல ஏப்ரல் 15.

கணக்குல கதை கொஞ்சம் வேற. அமெரிக்கா, கனடா காலேஜ் மாணவர்களுக்கு 1938லேருந்து நடக்குற புட்னம் கணக்குப் போட்டியில 120க்கு நடு மார்க், அதாவது வரிசைப்படுத்தினா நடுவுல வர்றவரோட மார்க், பல வருஷம் 0, இல்ல 1தான், அதுல மேல வந்தவங்களை கணக்கு டிபார்ட்மெண்ட் கண்டிப்பா கவனிக்கும். அப்படியும் 6 மணி நேரத்துல கணக்கு போடுறதும் ஒரே கேள்வியோட வருஷக்கணக்குல மல்லுக்கட்டுறதும் ஒண்ணு இல்ல.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். விருது செய்தி போடும்போது அந்தப் பிள்ளை என்ன ஆராய்ச்சி பண்ணுச்சுன்னு ரெண்டு வரி சேர்த்து போடுங்க, அதுக்கு யார் யார் அப்ளை பண்ணலாம், எப்போ கடைசி தேதிங்குறதையும் போடுங்க. அடுத்த வருஷம் படிக்கப்போறவங்களுக்கு தேவைப்படுறது அந்தத் தகவல்தான்.

இப்படிக்கு,
ஒரு இயற்பியல் ஆசிரியர்