மீன் பை போட்ட பீர்

ஆசிரியருக்கு,

பீர் தானியத்தில் செய்வதுதானே, விலங்குப் பொருள் எதையும் தொடாத வீகன்கள் யோசிக்காமல் குடிக்கலாம் என்று ஞாயிறு மலரில் எழுதியிருந்தீர்கள், அது பாதிதான் சரி. பிரிட்டனில் பீப்பாயில் வரும் ஏல் வகை பீர்களைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் என்ற பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம், அது பீரை நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும், ஆனால் லேபிளில் பெரும்பாலும் அதன் பெயரே இருக்காது. அயர்லாந்து பீரான கின்னஸ்கூட 2015-இல்தான் இதைக் கைவிடப்போவதாக அறிவித்தது.

ஜெர்மனி கதை வேறு. 1516-இல் பவேரியாவில் வந்த பீர் தூய்மைச் சட்டம் பார்லி, ஹாப்ஸ் (கசப்புக்குச் சேர்க்கும் பூ), தண்ணீர் மூன்றைத்தான் அனுமதித்தது (ஈஸ்ட் பற்றிப் பேச்சே இல்லை!). விலங்குகளுக்காகப் போட்ட சட்டமல்ல, ஆனாலும் அந்த வழியில் வடிக்கும் பீரில் மீனுக்கு இடமில்லை. அப்புறம், பாட்டில் லேபிளை ஒட்டும் பசையில் பால் புரதமான கேசீன் இருக்கலாம், அதையும் கணக்கில் சேர்ப்பதா என்பது அவரவர் பாடு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்