கார்க்கசோனுக்கு நான்கு மணி நேரம் கொடுங்கள்

லூர்து யாத்திரையோடு தென்பிரான்சையும் சுற்றிக்காட்டும் தமிழ்ச் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். இந்தக் கோடைக்கான நிரலிலும் தென்பிரான்சின் பழைய மதில் நகரமான கார்க்கசோன் கோட்டைக்கு 50 நிமிடம் என்றே போட்டிருக்கிறீர்கள். பேருந்து ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். அந்த ஓய்வைத்தான் கோட்டை தரிசனம் என்று விற்கிறீர்களோ?

50 பேர் இறங்க 10 நிமிடம், கழிப்பறை வரிசைக்கு 15. கல் பாவிய தரையில் பெரியவர்கள் கோட்டையின் நுழைவாயிலான நார்போன் வாசலைத் தாண்டும்போதே திரும்பும் கவலை வந்துவிடுகிறது. கண்ணில் படுவது க்ரோ-மைர்வியேய் தெருவின் பிளாஸ்டிக் வாள் கடைகள்தான். 19-ஆம் நூற்றாண்டில் இந்தக் கோட்டை இடிபடாமல் காக்கப் போராடியவரின் பெயர் அந்தத் தெருவுக்கு. பாவம் மனிதர்.

நான்கு மணி நேரம் வேண்டும். முதலில் இரட்டை மதில்களுக்கு நடுவே உள்ள வெளி. அதற்குக் கட்டணம் கிடையாது. உள்மதிலின் வடபக்கம் சிறு கற்களுக்கிடையே செங்கல் வரிகள் ஓடுவது ரோமர் காலத்துச் சுவர். அதற்குக் கீழே பாருங்கள், அதைவிடப் புதிய கட்டுமானம்! 13-ஆம் நூற்றாண்டில் இந்த வெளியை வெட்டித் தாழ்த்தியபோது பழைய அஸ்திவாரம் வெளியே தெரிந்துவிட்டது. அடியில் கல் கொடுத்துத் தாங்கினார்கள். பழையது மேலே, புதியது கீழே. இதை நின்று பார்க்கவே அரை மணி ஆகும். பிறகு பிரபுவின் கோட்டையும் மதில்மேல் நடையும்: இரண்டு மணி. நுழைவுச்சீட்டை முன்பே எடுத்துவிடுங்கள். படியேற முடியாதவர்கள் சேன் நசேர் தேவாலயத்தில் வண்ணக் கண்ணாடிகளைப் பார்த்தபடி உட்காரலாம். பேருந்தை நார்போன் பக்கமே நிறுத்துங்கள். மேற்கே உள்ள ஓது (Aude) வாசல் பக்கம் ஏற்றம் செங்குத்து.

வழிகாட்டியின் மைக் பற்றியும் ஒன்று. பிராங்கியப் பேரரசர் சார்லமேன் முற்றுகையிட்டார், கார்க்கா சீமாட்டி பன்றிக்குக் கோதுமை தின்னக்கொடுத்து மதிலிலிருந்து வீசி, உள்ளே உணவு ஏராளம் என்று ஏமாற்றினாள், மணி ஒலித்தது, ‘கார்க்கா சோன்’ (கார்க்கா மணி ஒலிக்கிறாள்) என்று ஊருக்குப் பெயர் வந்தது என்கிறார். சார்லமேன் 8-ஆம் நூற்றாண்டுக்காரர். 1-ஆம் நூற்றாண்டிலேயே ரோம எழுத்தாளர் பிளினி இந்த ஊரைக் கார்க்காசோ என்று எழுதிவிட்டார். கதையைச் சொல்லட்டும், கதை என்றும் சொல்லட்டும். துண்டறிக்கை அட்டையில் ‘ரோமர் கோட்டை’ என்று நீங்கள் போடும் படத்தில் தெரியும் கூம்புக் கூரைகள், 1853-இல் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-தூக் தொடங்கிய புதுப்பிப்பில் வந்தவை. தெற்கத்தி ஊருக்கு வடபிரான்சுப் பலகைக்கல் கூரையா என்று அப்போதே சண்டை. பின்னாளில் ரோமர் கோபுரங்கள் சிலவற்றில் ஓடு மாற்றினார்கள். யுனெஸ்கோ 1997-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்தப் புதுப்பிப்பையும் சேர்த்துத்தான்.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். வழியில் இருக்கும் வாசனைத் திரவியக் கடையை நிரலிலிருந்து எடுத்துவிட்டாலே ஒன்றரை மணி கிடைக்கும். அடுத்த பயணத்திலாவது நான்கு மணி நேரம் ஒதுக்கித் தருமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்.