அந்தக் கண்ணாடிக் கோப்பையைக் கொஞ்சம் பாருங்கள்

தமிழில் ஓவியம் பற்றி எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ‘குடியானவர் குடும்பம்’ ஓவியத்தைப் போடும்போதெல்லாம் ‘வறுமையின் சித்திரம்’ என்று ஒரு வரியையும் சேர்த்துவிடுகிறீர்கள். அந்த ஒரு வரியோடுதான் எனக்கு வழக்கு.

1642 வாக்கில் வரைந்தது. பிரெஞ்சு ஓவியர் லூயி லெ நேன் வரைந்தார் என்பது பொதுவான கருத்து, அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அந்துவான், லூயி, மத்தியூ மூவரும் ஒரே பட்டறையில் வேலை செய்த சகோதரர்கள். கையெழுத்திட்ட படங்களிலும் வெறும் ‘லெ நேன்’தான்.

சரி, படத்துக்கு வருவோம். இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் மூதாட்டியின் கையில் சிவப்பு வைன். அவர் குடிக்கவில்லை, நம்மைப் பார்த்தபடி பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். கோப்பையோ மெல்லிய காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பை. ஒருவேளைச் சாப்பாட்டுக்கே அல்லாடும் வீட்டில் அது எப்படி வந்தது? மேசையில் வெள்ளை விரிப்பு வேறு. நடுவில் தொப்பி போட்டவர் பெரிய ரொட்டியை மார்போடு அணைத்தபடி கத்தியும் கையுமாக இருக்கிறார். பக்கத்தில் ஒரு பையன் குழல் ஊதுகிறான், யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. நாயும் பூனையும் உண்டு.

இவர்கள் ஓரளவு வசதியான குத்தகை விவசாயிகள் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ரொட்டியையும் வைனையும் பார்த்துவிட்டு, இது ரொட்டியும் வைனும் பகிரும் கிறிஸ்தவச் சடங்கான திருவிருந்து என்பவர்களும் உண்டு. அந்த வாசனை படத்தில் இருப்பதை நானும் மறுக்கவில்லை. அதற்காக வீட்டையே கோயிலாக்கிவிட வேண்டாம், பூனை சட்டியருகே உட்கார்ந்திருக்கும் வீடு அது.

அப்போது குடியானவர்களுக்குக் கஷ்டமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1635 முதல் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போர். வரிச்சுமை ஏறியது. 1639இல் நார்மண்டியில் உப்பு வரியை எதிர்த்துக் கலகமே நடந்தது. லெ நேன்களின் சொந்த ஊரான லான் வடக்கே, போர் நடந்த எல்லையை ஒட்டிய பகுதி. இத்தனைக்கும் நடுவில் அவர்கள் வரைந்தது பசியை அல்ல, பேச்சில்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மனிதர்களை. அதே காலத்தில் பிளெமிய (இன்றைய பெல்ஜியப் பகுதி) ஓவியர் பிரௌவரின் படங்களில் நாட்டுப்புறத்தார் குடித்துவிட்டு அடித்துக்கொள்வார்கள், பல்லைக் காட்டுவார்கள். பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். இந்த மூதாட்டியைப் பார்த்து யாராவது சிரிக்க முடியுமா? ‘ஐயோ பாவம்’ என்பதும் அவரிடம் எடுபடாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள். படத்தின் ஓரங்களை வெட்டாமல் முழுசாகப் போடுங்கள். பின்னால், இடது மூலையில், பிள்ளைகள் குளிர்காய்ந்துகொண்டிருக்கிறார்கள். மற்றவர்களெல்லாம் ஓவியருக்காக அசையாமல் இருக்க, அவர்கள் மட்டும் நெருப்பைப் பார்க்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்