டிஸ்சார்ஜ் தாளில் முடிவுத் தேதியையும் எழுதுங்கள்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்யும் மருத்துவர்களுக்கும், நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் தாளைத் தயாரிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

காலைக் குறுக்கே போடக் கூடாது. இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. பாதத்தை உட்புறம் திருப்பக் கூடாது. நீங்கள் கொடுத்தனுப்பும் தாளில் இந்த மூன்று வரிகளும் தடித்த எழுத்தில் இருக்கின்றன. எந்தத் தேதி வரைக்கும் என்பது மட்டும் இருப்பதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் விலக வேண்டிய தடையை ஓராண்டு கழித்தும் சுமந்துகொண்டிருப்பவர்கள் பிசியோதெரபி அறைக்கு வருகிறார்கள். எக்ஸ்ரேயில் குறை இல்லை, மூட்டில் வலி இல்லை. ஆனால் காலணியைக் கட்டப் பயம், நடக்கும்போது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது, தொடை இளைத்திருக்கிறது. இந்த மடல் அதைப் பற்றியது.

முதல் வேண்டுகோள்: எந்த வழியாக மூட்டை அடைந்தீர்கள் என்பதைத் தாளில் எழுதுங்கள். பின்வழியில் மூட்டுறையும் (மூட்டைச் சுற்றியுள்ள உறை) காலை வெளியே சுழற்றும் சிறு தசைகளும் வெட்டித் தைக்கப்படுகின்றன. அதனால் மடக்குதல், உட்திருப்பம், குறுக்கே போடுதல் மூன்றும் சேரும்போதுதான் பந்து (தொடையெலும்பின் மேல்முனையில் பொருத்திய உருண்டை) குழியிலிருந்து பின்னால் நழுவுகிறது. முன்வழியில் ஆபத்து நேர் எதிர்: காலைப் பின்னால் நீட்டியபடி பாதத்தை வெளியே திருப்புவது. பக்கவழியில் நடுப் பிட்டத் தசையின் முன்பகுதியைப் பிரித்துத் தைத்திருப்பீர்கள். அந்தத் தையல் பிடிக்கும்வரை காலைத் தானாகப் பக்கவாட்டில் தூக்கவோ எடை கட்டவோ கூடாது. மற்ற இரு வழிக்காரர்களுக்கோ பக்கவாட்டு அசைவைச் சீக்கிரமே தொடங்கலாம். மூவருக்கும் ஒரே அச்சுத் தாள் போனால், ஒருவர் வீணாகப் பயப்படுகிறார், இன்னொருவர் பயப்பட வேண்டிய இடத்தில் துணிகிறார்.

தொடக்க வாரங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, தாள்கள் அதை நன்றாகவே சொல்கின்றன. கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுதல், தொடையின் முன்தசையையும் பிட்டத்தையும் இறுக்கி 5 வினாடி பிடித்தல், குதிகாலைப் படுக்கையில் உரசியபடி முழங்காலை மடக்குதல், ஒவ்வொன்றும் 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. இதில் இரண்டு திருத்தங்கள் மட்டும் கேட்கிறோம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் முழுக்காலையும் மேலே தூக்கும் பயிற்சியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நீட்டிய காலின் பாரம் முழுவதும் இடுப்பு மடக்கும் தசைநார்மேல் விழுகிறது. கவட்டையில் வரும் தொல்லை வலி பல நேரம் அந்தப் பயிற்சியின் கைவேலைதான். அடுத்தது, முழங்காலுக்கு அடியில் தலையணை. சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மூட்டுத் தேய்ந்த ஆண்டுகளில் ஏற்கெனவே சுருங்கிவிட்ட இடுப்பின் முன்பக்கத்தை மடங்கிய நிலையிலேயே அது பூட்டிவிடும். நாளுக்கு இரண்டு தடவை 15 நிமிடம் தட்டையாக மல்லாந்து, இரு காலையும் நீட்டிப் படுக்கச் சொல்லுங்கள்.

கைத்தடி விஷயம் சிறியதாகத் தெரியும். ஆனால் தாளில் ஒரு சொல் விடுபட்டால் எல்லாம் தலைகீழாகிறது. ஒற்றைக் காலில் நிற்கும் நொடியில் உடல் எடை மூட்டுக்கு உள்பக்கமாக இறங்குகிறது. இடுப்பெலும்பைச் சாயவிடாமல் இழுத்துப் பிடிப்பது வெளிப்பக்கத்துப் பிட்டத் தசைகள். எடையின் நெம்புகோல் நீளம், தசையின் நெம்புகோல் குட்டை. ஆகவே தசை உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையில் இழுக்க வேண்டியிருக்கிறது, மூட்டின் மேல் இரண்டரை முதல் மூன்று மடங்கு பாரம் சேர்கிறது. தடியை எதிர்க் கையில் பிடித்தால் அந்தப் பக்கத்து நெம்புகோல் நீளமாகிவிடும், கொஞ்சம் ஊன்றினாலே தசையின் வேலை கணிசமாகக் குறையும். அறுவை செய்த பக்கத்துக் கையிலேயே பிடித்தால் இந்த லாபம் கிடைக்காது, உடம்பும் அந்தப் பக்கமே சாயப் பழகிவிடும். "கைத்தடி பயன்படுத்தவும்" என்று மட்டும் எழுதாமல் "எதிர்ப்பக்கக் கையில்" என்று எழுதுங்கள். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது தடியின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.

இனி, தாள்கள் மௌனமாகிவிடும் இடம். ஆறாவது வாரத்தில் தையல் ஆறி, வலி குறைந்து, நோயாளி வீட்டுக்குள் சிரமமின்றி நடக்கத் தொடங்கியதும் "பயிற்சியைத் தொடரவும்" என்ற ஒற்றை வரியோடு எல்லாம் முடிகிறது. எதைத் தொடர்வது? படுக்கையில் குதிகாலை உரசியதையா? அது ரத்த ஓட்டத்துக்கும் அசைவுக்கும் போதும், பலத்துக்குப் போதாது. தசை தடிக்க வேண்டுமென்றால் கடைசி இரண்டு முறை தூக்கச் சிரமமாக இருக்கும் அளவுக்குப் பாரம் வேண்டும்: 8 முதல் 12 முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு அமர்வில் தொடர்ந்து 12 முறை சுலபமாக முடிந்தால் கணுக்காலில் அரைக் கிலோ கூட்டலாம். நாள்தோறும் வெறும் பத்துப் பத்தாக ஆறு மாதம் செய்தவர், ஆறாவது மாதத்தில் முதல் மாதத்தின் பலத்தோடுதான் நிற்பார்.

நல்ல பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்கும் பயிற்சியில் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். உடம்பு பின்னால் சரிந்து, பாதம் கூரையைப் பார்க்கத் திரும்பிவிடும். அப்போது கால் உயரமாக எழும், ஆனால் தூக்குவது பிட்டமல்ல, இடுப்பின் முன்தசை. இடுப்பெலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்க வேண்டும், கால் உடம்பின் கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்க வேண்டும், விரல்கள் முன்னே பார்க்க வேண்டும். இப்படிச் செய்தால் கால் அவ்வளவு உயரம் எழாது. அதுதான் சரி. பின்வழிக்காரர்களுக்குத் தடை முடியும்வரை இரு முழங்கால்களுக்கும் நடுவே தலையணை அவசியம்.

நின்றபடி செய்வதில் பலருக்குத் தெரியாத ஒன்று: நல்ல காலைத் தூக்கி, அறுவை செய்த காலில் நிற்பதுதான் பலனுள்ள பயிற்சி. ஊன்றி நிற்கும் பக்கத்துப் பிட்டம்தான் முழு எடையையும் தாங்குகிறது. முதலில் இரு கையாலும் மேசையைப் பிடித்து 5 வினாடி, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல், கடைசியில் பிடிக்காமல் 30 வினாடி. எதிரே கண்ணாடி இருக்கட்டும். நல்ல பக்கத்து இடுப்பு கீழே இறங்கினாலோ தோள் அறுவைப் பக்கம் சாய்ந்தாலோ அது தோல்வி, வினாடியை எண்ண வேண்டாம். ஜெர்மன் அறுவை மருத்துவர் ட்ரெண்டலென்பர்க் 1895-இல் விவரித்த அடையாளம் இது. வீட்டுக் கண்ணாடியே காட்டிவிடும். இது கைவராமல் தடியை விட்டுவிடுவது எங்கள் பார்வையில் அவசரம், தடி பிடித்து நேராக நடப்பது வெறுங்கையோடு தாங்கித் தாங்கி நடப்பதைவிட மேல்.

பலகைமேல் ஏறும் பயிற்சி 10 செ.மீ. உயரத்தில் தொடங்கி 15, பிறகு 20. இதிலும் ஒரு திருட்டு உண்டு: தரையில் நிற்கும் நல்ல கால் விரலால் உந்தி உடம்பை ஏற்றிவிடும். தரையில் உள்ள காலின் விரல்களைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறச் சொன்னால் திருட்டு அடைபடும்.

நாற்காலியிலிருந்து எழுவதை ஏன் தனியாகச் சொல்கிறோம் என்றால், அங்கே உங்கள் தடையே பின்னால் எதிராளியாகிறது. மடக்கம் கூடக் கூடாது என்பதற்காக அறுவை செய்த காலை முன்னே நீட்டி உட்காரவும் எழவும் சொல்லித் தருகிறீர்கள். அந்த வாரங்களுக்கு அது சரி. ஆனால் தடை விலகிய பிறகும் பழக்கம் விலகுவதில்லை, நல்ல கால்தான் எப்போதும் எழுப்புகிறது. இரண்டு எடை பார்க்கும் இயந்திரங்களைப் பாதங்களுக்குக் கீழே வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். தடைக்காலம் முடிந்ததும் இரு குதிகால்களும் ஒரே கோட்டில், உயரமான இருக்கையில் தொடங்கி, இரு இயந்திரமும் ஏறக்குறைய ஒரே எண் காட்டும்வரை பழகி, பிறகு இருக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்த வேண்டும்.

நெகிழ்வு என்றாலே குனிந்து விரலைத் தொடுவதாக நோயாளிகள் நினைக்கிறார்கள். நடைக்கு முதலில் வேண்டியது மடக்கமல்ல, நீட்டம். கால் பின்னால் போகாவிட்டால் இடுப்பு முன்னால் சாய்ந்து, முதுகு வளைந்து, அடி குறுகும். மல்லாந்து படுத்து நல்ல முழங்காலை மார்போடு அணைத்து, அறுவை செய்த தொடையைப் படுக்கையில் அழுத்தி 30 வினாடி, மூன்று முறை. முன்வழிக்காரர்கள் படுக்கை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு இழுப்பதை உங்கள் அனுமதி வரும்வரை செய்யக் கூடாது. "கால் நீளமாகிவிட்டது" என்ற புகாருக்குப் பல நேரம் காரணம் இந்த இறுக்கமும் இடுப்பின் சாய்வும்தான், அவை தளரும்போது அந்த உணர்வும் தளரும். மூன்று மாதத்துக்குள் செருப்பில் அட்டை வைத்து உயர்த்தினால் சாய்வு நிரந்தரமாகும் வாய்ப்பு உண்டு.

வலிக்கும் ஓர் அளவுகோல் கொடுங்கள். பத்தில் மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். மறுநாள் வலியோ வீக்கமோ கூடியிருந்தால் பாரத்தைப் பாதியாக்க வேண்டும், நிறுத்திவிட வேண்டாம். மாலையில் கால் வீங்குவது மாதக்கணக்கில் இருக்கலாம். ஆனால் கெண்டைக்காலில் புது வலியோடு வீக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, காயத்தில் கசிவு, காய்ச்சல், திடீர் வலியோடு கால் குறுகித் திரும்பி ஊன்ற முடியாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பது தாளின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

கேட்பது இவ்வளவுதான்: அறுவையின் வழி, ஒவ்வொரு தடைக்கும் முடிவுத் தேதி, பாரம் சேர்க்கத் தொடங்கும் தேதி. இவற்றை அச்சில் விடாமல் பேனாவால் எழுதுங்கள். மூட்டுறை எவ்வளவு மிஞ்சியது, தைத்த தசை எப்படி இருந்தது, பந்து எந்த நிலைவரை நழுவாமல் நின்றது என்பதை அறுவை மேசையில் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். அந்தத் தேதிகளை நாங்கள் ஊகித்து எழுத முடியாது.

இப்படிக்கு,
மூட்டு மாற்று நோயாளிகளோடு வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட்கள்