மூலைக்கு அந்தப் பக்கம்

ராயபுரம், சென்னை 13

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததை வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. அம்மா உடனே வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டார், நீ கொஞ்சம் உஷாராக இரு. அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எதிர் வீட்டு மொட்டைமாடியில் காய்கிற புடவை யாருடையது என்று இங்கிருந்தே சொல்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூலைக்கு அந்தப் பக்கம் வருகிற வண்டியைக் காரில் இருந்தபடியே பார்க்கும் லேசர் கேமராவை உன் இறுதியாண்டுப் பசங்கள் செய்ய ஆசைப்படுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அது வேண்டாம். ஏன் என்பதற்கு என் படகிலிருந்து தொடங்க வேண்டும்.

எண்ணூர் முகத்துவாரத்தில் நாங்கள் ஓட்டிப் பார்ப்பது, ஆளில்லாமல் ஆழம் அளந்துகொண்டு போகும் ஒரு சின்னப் படகு. இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடுதான் அதற்குப் பாதை. கோட்டை விட்டு விலகினால் படகு நேரே கோட்டின் மேல் போய் முட்டாது. கோட்டில் கொஞ்சம் முன்னால் இருக்கும் ஒரு புள்ளியைக் குறிவைத்துப் போகும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் வித்தையே. கிட்டத்தில் வைத்தால் கோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டி வெட்டி நெளியும். தூரத்தில் வைத்தால் கோட்டுக்கு வந்து சேர்வதற்குள் பாதி வழி போய்விடும். நார்வேயின் ட்ரோண்ட்ஹைமில் கப்பல் கட்டுப்பாட்டை ஆராயும் ஃபோசன் போன்றவர்கள் இதற்கெல்லாம் கணக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

கணக்கு நீரோட்டத்தில்தான் மாட்டிக்கொள்கிறது. மூக்கு சரியான திசையில் இருக்கும், படகு மட்டும் கோட்டுக்கு இணையாகத் தள்ளியே போகும். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மூக்கு நேராத்தான் கீது, போட்டு ஓரமா போவுது. தண்ணி இழுக்குதுல்ல, கொஞ்சம் எதிர்க்கத் திருப்பி வுடு" என்றார். நீரோட்டத்துக்கே வன்னி, தெண்டி என்று தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறவர்கள், சொல்லமாட்டார்களா! 2008-ல் அதே ட்ரோண்ட்ஹைமின் பெட்டர்சன் குழு கணக்கில் சேர்த்ததும் இதைத்தான்: விலகலைத் தொடர்ந்து தொகை போட்டுக்கொண்டே வந்து, சேர்ந்த தொகைக்கு ஏற்றபடி மூக்கை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்புவது. ஜிபிஎஸ் வருவதற்கு முன் இந்தப் பெரியவர்கள் கரையில் இரண்டிரண்டு அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நேர்வைத்துத்தான் கடலில் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்தார்கள்.

இப்போது எங்கள் படகுக்கு ஜிபிஎஸ்தான் இடம் சொல்கிறது. அதற்கு ஒரு வசதி: தலைக்கு மேல் வானம் திறந்திருக்கிறது. அதே ஜிபிஎஸ்ஸை சௌகார்பேட்டைக்குள் கொண்டுபோய்ப் பார். நீ மின்ட் தெருவில் நிற்பாய், ஆட்டோக்காரர் பக்கத்துத் தெருவிலிருந்து போன் பண்ணுவார். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னலுக்கு நேர்வழியைக் கட்டடம் அடைத்துவிடுகிறது; எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பியதுதான் போனுக்கு வருகிறது. ஒளிக்கும் ரேடியோ அலைக்கும் ஒரு நானோ நொடிக்கு, அதாவது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்குக்கு, 30 சென்டிமீட்டர் ஓட்டம். 100 நானோ நொடி தாமதித்தால் 30 மீட்டர் கணக்கு தப்பும். லண்டனில் பால் குரோவ்ஸ் என்ற ஆய்வாளர் 2011-ல் இதைத் தலைகீழாக்கினார். எந்தச் செயற்கைக்கோள் தெரியவில்லை என்று பார், கட்டடங்களின் முப்பரிமாண வரைபடத்தோடு ஒப்பிடு, தெருவின் எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று சொல்லிவிடலாம் என்றார். எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த யோசனை இது. தெரியாமல் போனதே தகவல்!

உன் பசங்களின் லேசரும் இதே வகைதான். நாங்கள் தொல்லை என்று வடிகட்டி எறிகிற எதிரொளியை அவர்கள் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். 2012-ல் எம்ஐடியில் வெல்ட்டனும், நம் நாசிக்கில் பிறந்த ரமேஷ் ரஸ்கரும் செய்து காட்டினார்கள். லேசர் துடிப்பு சுவரில் பட்டு, மறைந்திருக்கும் பொருளில் பட்டு, மறுபடி சுவரில் பட்டு வரும். அந்த மூன்றாவது துள்ளலை 2 பிகோ நொடி (நானோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு பிகோ நொடி) நுட்பத்தில் அளந்து பொருளின் உருவத்தையே மீட்டார்கள். அபாரமான வேலை. ஆனால் சிக்கலும் அந்தத் துள்ளலில்தான் இருக்கிறது. சாதாரணப் பொருளாக இருந்தால், சுவரிலிருந்து அது இருக்கும் தூரம் இரட்டிப்பாகும்போது திரும்பும் ஒளி பதினாறில் ஒரு பங்காகிவிடும். பட்டப்பகல் வெயிலில், ஓடுகிற காரில், கல்லூரி பட்ஜெட்டில்? டிடெக்டர் வாங்கும் காசில் உங்கள் துறைக்கே பெயின்ட் அடித்துவிடலாம்.

அதற்குப் பதில் இதைச் செய்யச் சொல். 2017-ல் ஆய்வாளர் கேட்டி பௌமனும் கூட்டாளிகளும் காட்டிய வழி, லேசரே வேண்டாம். சுவர் முடியும் மூலையில் தரையைப் பார். அந்தப் பக்கத்து வெளிச்சம் விசிறி விரித்ததுபோல அங்கே கசிந்திருக்கும். மூலையைச் சுற்றி ஒவ்வொரு கோணத்திலும் இருக்கும் தரைக்கு, மறைந்த பக்கம் கொஞ்சம் கூடவோ குறையவோ தெரியும். அங்கே ஆள் நடந்தால் தரையின் பிரகாசம் மாறும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஆள் உயரமா குட்டையா என்று சொல்லாது. எந்தக் கோணத்தில், எந்தப் பக்கமாக நகர்கிறார் என்று சொல்லும். முட்ட வருகிற வண்டியைக் கண்டுகொள்ள அது போதாதா?

செய்யும்போது சில விஷயம்: போனை ஸ்டாண்டில் இறுக்கிவிட வேண்டும், கையில் பிடித்தால் போச்சு. ஆட்டோ எக்ஸ்போஷரை அணைக்கச் சொல், இல்லாவிட்டால் நாம் தேடுகிற மாற்றத்தையே அது சமன் செய்துவிடும். சாதாரண வீடியோவின் சுருக்கலும் அதை விழுங்கும், அதனால் முடிந்தவரை சுருக்காத படமாக எடுக்கட்டும். எல்லாப் படங்களின் சராசரியைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கோணவாரியாகப் பிரித்து, நேர வரிசையில் அடுக்கினால் ஆள் ஒரு சாய்ந்த கோடாக வருவார். முதலில் காரிடாரில் பழகட்டும், பிறகு தெருவுக்குப் போகலாம். அசைகிற மர நிழல் இருக்கும் மூலை மட்டும் வேண்டாம்.

பொங்கல் லீவில் பசங்களையும் அழைத்துக்கொண்டு வா. மண்ணடியில் வேண்டிய அளவு மூலைகள் இருக்கின்றன, ஞாயிறு காலையில் கூட்டமும் குறைவு. மாடி அறை காலிதான். எத்தனை பேர் என்று மட்டும் முன்கூட்டியே எழுது. காசிமேட்டில் மீன் வாங்க அதிகாலையிலேயே போக வேண்டும்.

அன்புடன்,
ஏழுமலை