தரங்கம்பாடி வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வழிகாட்டி நண்பர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டேனிஷ் கோட்டைக்கு வருகிற வரலாற்று ஆசிரியன் நான். "1620இல் டென்மார்க் ராஜா கட்டிய கோட்டை, எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதோடு உங்களில் பலர் நகர்ந்துவிடுகிறீர்கள். நிற்கவைத்துச் சொன்னால் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கிற கதை அந்த ராஜாவுடையது. அதைத்தான் எழுத வந்தேன்.

பெயர் நான்காம் கிறிஸ்தியான். பிறந்தது 1577. 1588இல் அப்பா இறந்தபோது வயது பத்து. பெரியவர்கள் குழு நாட்டைப் பார்த்துக்கொள்ள, 1596இல் முடிசூட்டினார்கள். 1648இல் சாகும்வரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் டென்மார்க்குக்கும் நார்வேக்கும் அவர்தான் அரசர். டென்மார்க்கில் வேறு யாரும் அவ்வளவு காலம் ஆண்டதில்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லுங்கள். பால்டிக் கடலுக்குள் போகிற கப்பல்கள் டென்மார்க்கின் ஹெல்சிங்கோர் துறைமுகத்தில் நின்று சுங்கம் கட்டவேண்டும். அந்தக் காசு பிரபுக்கள் சபைக்குப் போகாது, நேரே ராஜா பைக்குப் போகும். கால்மார் போரில் ஸ்வீடனைப் பணியவைத்து, 1613 உடன்படிக்கைப்படி பத்து லட்சம் வெள்ளி நாணயங்களும் வாங்கினார். யாரையும் கேட்காமல் செலவு செய்யக்கூடிய அரசர்! ரோசன்போர்க் அரண்மனை, வட்டக் கோபுரம், மாலுமிகளுக்கு வரிசை வீடுகள் என்று கட்டித் தள்ளினார். தீயில் எரிந்த ஆஸ்லோவை 1624இல் இடம் மாற்றிக் கட்டி, கிறிஸ்தியானியா என்று தன் பெயரையே வைத்தார். நான்கு டிராகன்களின் வால் பின்னிய கோபுரத்தோடு கோபன்ஹேகனில் அவர் எழுப்பிய வணிக மாளிகை 2024 ஏப்ரலில் தீப்பிடித்து, அந்தக் கோபுரம் சரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

சரி, இவருக்கு இங்கே என்ன வேலை? டச்சுக்காரர்களைப் போலத் தானும் மிளகு வியாபாரம் செய்யவேண்டும் என்று 1616இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார். கண்டி அரசரின் தூதன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் கோபன்ஹேகன் வந்தார். அவரோடு ஒப்பந்தம் போட்டு, அவரை நம்பி 1618இல் ஓவே கெட்டே தலைமையில் கப்பல்கள் கிளம்பின. போய்ச் சேர்ந்தால், அந்த ஒப்பந்தத்தைக் கண்டி அரசர் ஏற்கவில்லை. அதற்கப்புறம்தான் தஞ்சை அரசர் ரகுநாத நாயக்கர் தங்க ஏட்டில் கடிதம் எழுதியது, தரங்கம்பாடியில் கோட்டைக்கு இடம் கொடுத்தது எல்லாம். இலங்கையில் காரியம் கைகூடியிருந்தால் உங்கள் தொழிலே வேறு ஊரில் நடந்திருக்கும்! அதே காலத்தில் வட அமெரிக்காவைச் சுற்றி ஆசியாவுக்கு வழி தேடவும் ஆள் அனுப்பினார். பனியில் சிக்கி, போன 65 பேரில் மூன்றே பேர் திரும்பினார்கள். எதையும் தொடங்கிவிடுவார், முடிப்பதுதான் கஷ்டம்.

ஜெர்மனியில் முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, பிரபுக்கள் சபை வேண்டாம் என்று சொல்லியும் 1625இல் அதில் தலையைக் கொடுத்தார். மறு ஆண்டே லுட்டரில் படுதோல்வி. டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதி முழுக்க எதிரிப் படை புகுந்தது. சேர்த்த பணமெல்லாம் கரைந்தது. பில்லி சூனியத்துக்கு எதிராக 1617இல் அவர் போட்ட சட்டத்தால் எத்தனையோ பெண்கள் எரிக்கப்பட்டார்கள், இதையும் விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளுக்குப் பிடிக்கப்போவது 1644. ஸ்வீடனோடு கடற்போர். அறுபத்தேழு வயதுக் கிழவர் கப்பல் மேல்தளத்தில் நிற்கிறார். குண்டு பட்டுச் சிதறிய சில்லுகள் முகத்தில் பாய்ந்து வலது கண் போகிறது. செத்துவிட்டார் என்று பதறினால், எழுந்து நின்று மறுபடி உத்தரவு போடுகிறார். இரத்தக் கறை படிந்த அந்த உடுப்பு இன்றும் ரோசன்போர்க்கில் இருக்கிறது. உடம்பிலிருந்து எடுத்த சில்லுகளைத் தங்கத்தில் பதித்துக் காதணியே செய்துவிட்டார்கள்! இந்த இடத்தில் கைதட்டல் வாங்கிக்கொண்டு நிறுத்திவிடாதீர்கள். அந்தப் போரிலும் டென்மார்க் தோற்றது. 1645இல் காட்லாந்து தீவு முதல் பல நிலப்பகுதிகளை ஸ்வீடனுக்கு விட்டுக்கொடுத்தார். கடைசியில் கிரீடமே அடகுக்குப் போனது.

"அப்புறம் கோட்டை என்ன ஆச்சு சார்?" என்று எப்படியும் ஒரு பையன் கேட்பான். ராஜா போய் இருபத்தோரு ஆண்டு கழித்து, 1669இல்தான் டென்மார்க்கிலிருந்து அடுத்த கப்பல் வந்தது என்று சொல்லுங்கள். நடுவில் ஒவ்வொருவராகச் செத்து, மிஞ்சியவர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே என்கிற ஒரே டேனிஷ்காரர். உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு, வங்காளக் கப்பல்களைப் பிடித்து வந்த வருமானத்தில் கோட்டையைக் கைவிடாமல் காப்பாற்றியவர் அவர்.

டிசம்பரில் ஒன்பதாம் வகுப்போடு வருகிறேன். பத்து நிமிடம் ஒதுக்குங்கள், போதும்.

இப்படிக்கு,
மாயவரத்துப் பக்கத்து வரலாற்று ஆசிரியன்